கூர் வேறு, வாய் வேறு

ஸ்வீடன் நிறுவனங்களின் இரண்டு கத்திகளைப் பார்ப்போம். இரண்டுக்கும் அலகு ஏறக்குறைய 10 செ.மீ. நீளம். இரண்டுமே இடுப்பில் உறையோடு கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்களின் கத்திகள். ஒன்று மோரா. டாலர்னா மாகாணத்தில், சில்யான் ஏரிக்கரையில் உள்ள மோரா ஊரின் பெயரையே தாங்கியது. அலகின் தடிமன் இரண்டு, இரண்டரை மி.மீ.தான். விலையும் குறைவு, தச்சர், மீனவர், பள்ளிப் பிள்ளை என்று யார் கையிலும் பார்க்கலாம். இன்னொன்று எஃப்1. ஃபெல்க்னீவன் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. 1995 முதல் ஸ்வீடன் விமானப்படை விமானிகளின் உயிர்காப்புக் கத்தி இதுதான். அலகு நாலரை மி.மீ. தடிமன், கையில் எடுத்தாலே கனம் தெரியும்.

இரண்டையும் நன்றாகத் தீட்டிவிட்டால் இரண்டுமே முன்கை முடியை மழிக்கும். அந்தச் சோதனையில் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. ஆனால் ஒரு பிர்ச் மரக் குச்சியைக் கொடுத்து, மெல்லிய சுருளாகச் சீவச் சொன்னால் மோரா வழுக்கிக்கொண்டு போகும். எஃப்1 கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கணு நிறைந்த கட்டையில் வைத்து முதுகில் ஓங்கி அடித்துப் பிளக்கச் சொன்னால் கதை தலைகீழாகிவிடும். கூர் ஒன்றேதான், வேலை மட்டும் வேறாகிறது. காரணம், கூருக்குப் பின்னால் இருக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரின் வடிவம். கத்தி வாங்குகிறவர்கள் எஃகின் பெயரைக் கேட்கிறார்கள், பிடியின் மரத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். வாயின் கோணத்தைக் கேட்பவர் குறைவு. மரவேலையைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

கத்தியின் வாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது ஒரு ஆப்பு. இரண்டு பக்கச் சரிவுகளும் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதுதான் கூர். சரிவுகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன, தட்டையாக இருக்கின்றனவா, உப்பியிருக்கின்றனவா, குழிந்திருக்கின்றனவா, எங்கே முடிந்து அலகின் பக்கவாட்டில் சேர்கின்றன என்பதெல்லாம் வாயின் வடிவம். கூர் தீட்டுக்கல்லில் வருவது. வடிவம் பட்டறையில் வருவது. தீட்டத் தெரியாதவர் கையில் கெடுவதும் அதுவே.

முதலில் கூரை ஒரு கணக்கில் முடித்துவிடலாம். நன்றாகத் தீட்டிய வாயின் முனை ஒரு மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. அந்த வாயில் 2 செ.மீ. நீளம் மரத்தில் படிகிறது. கை கொடுக்கும் அழுத்தம் 50 நியூட்டன், ஏறத்தாழ ஐந்து கிலோ எடை. முனையில் விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 2500 நியூட்டன். மழுங்கி 20 மைக்ரான் அகலமாகிவிட்ட வாயில் அதே கை அதே அழுத்தம் கொடுத்தால் 125தான். கணுவில்லாத நல்ல மரத்தை அதன் நார்த்திசையில் இழுத்து அறுக்கச் சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் அளவில் வேண்டும். மழுங்கிய வாய் அந்த எல்லையை ஒட்டியே தடுமாறுகிறது. நாரை அறுப்பதற்குப் பதில் மடக்குகிறது, நசுக்குகிறது, பிய்க்கிறது. கூர் இல்லாவிட்டால் எந்த வடிவமும் உதவாது. அது வாசற்படி. அதைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் வடிவத்தின் ஆட்சி.

இந்த ஆட்சிக்குக் காரணம் மரத்தின் குணம். மரம் நாலா திசையிலும் ஒரே மாதிரியான பொருள் அல்ல. பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களில் சில மி.மீ. நீளமும் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு அகலமும் கொண்ட குழல் செல்கள் கட்டுக்கட்டாக நெடுக அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்லுலோஸ் நார்கள் அந்தக் குழல்களின் சுவரில் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. லிக்னின் பசைபோல ஒட்டவைக்கிறது. நாரின் நீளவாக்கில் அறுக்க நூறு என்றால், நாரையும் நாரையும் பக்கவாட்டில் பிரிக்கச் சில நியூட்டன்களே போதும். மரம் வெட்டுப்படுவதைவிடப் பிளந்துபோகவே விரும்பும். மரவேலைக் கத்தியின் சாமர்த்தியம் பெரும்பாலும் அந்தப் பிளவைக் கட்டுக்குள் வைப்பதில் இருக்கிறது.

இதை ஒழுங்காக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் நார்மன் ஃபிரான்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1958இல் வெளியிட்ட அவருடைய ஆய்வு மரத்திலிருந்து சீவல் உருவாகும் விதத்தை மூன்றாகப் பிரித்தது. முதல் வகையில் வாய்க்கு முன்னால் ஒரு பிளவு ஓடுகிறது; மேலே எழும்பும் சிம்பு வளைந்து வளைந்து ஒரு கட்டத்தில் ஒடிகிறது; மறுபடி பிளவு, மறுபடி ஒடிவு. இரண்டாம் வகையில் பிளவு முந்துவதில்லை. வாயின் முனையிலேயே மரம் தொடர்ந்து விட்டுக்கொடுக்க, நீளமான வழுவழுப்பான சுருள் வருகிறது. மூன்றாம் வகையில் வாய் ஏறக்குறைய செங்குத்தாக நின்று நாரை முன்னே தள்ளி நசுக்குகிறது. மாவும் பிசிறும் மிஞ்சுகின்றன. கத்தியைக் கூரான கோணத்தில் மரத்தில் சாய்த்தால் முதல் வகை, இரண்டாம் வகை. நிமிர்த்திச் சுரண்டினால் மூன்றாம் வகை. (மரத்தைக் கத்தியே இல்லாமல் உயரழுத்தத் தண்ணீர்ப் பீச்சலால் அறுக்க முடியுமா என்று முயன்றவரும் இதே ஃபிரான்ஸ்தான். இன்று தொழிற்சாலைகளில் கல்லையும் கண்ணாடியையும் அறுக்கும் நீர்ப்பீச்சு இயந்திரங்களின் பரம்பரையில் அவர் பெயரும் உண்டு.)

முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையிலான எல்லையைத் தீர்மானிப்பதில் சீவலின் தடிமனுக்குப் பெரும் பங்கு உண்டு. தடித்த சிம்பு விறைப்பானது. கத்தி அதைத் தூக்கும்போது நெம்புகோலாக மாறி, தனக்கு முன்னால் உள்ள நார்களைப் பிளந்துகொண்டு ஓடும். மெல்லிய சீவலோ துவண்டு வளைந்துவிடும். நெம்ப அதற்குத் தெம்பு இல்லை. எனவே வழுவழுப்பாக வேலை நடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சீவலும் மெல்லியதாக, அதுவும் ஒரே சீரான தடிமனில் வர வேண்டும். கையை நம்பி இதைச் செய்வது கடினம். மோரா கத்தியின் வாய் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான்.

மோராவின் அலகு முதுகிலிருந்து பெரும்பகுதி தூரம் ஒரே தடிமனாக வருகிறது. பிறகு ஒரே ஒரு தட்டைச் சரிவு. அது இடையில் உடையாமல் நேராகக் கூர்முனைவரை இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கச் சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 25 டிகிரி. அலகு இரண்டரை மி.மீ. தடிமன் என்றால் ஒவ்வொரு சரிவின் அகலமும் ஐந்தரை மி.மீ.க்குச் சற்று மேல். இந்த ஐந்தரை மி.மீ. பட்டைதான் விஷயம். குச்சியின் மேல் சரிவைத் தட்டையாகப் படியவைத்தால் வாய் மரத்தின் மேற்பரப்போடு ஒட்டிக் கிடக்கும், வெட்டாது. முதுகை ஒன்றிரண்டு டிகிரி தூக்கினால் வாய் மெல்ல மரத்துக்குள் இறங்கும். இறக்கினால் வெளியே வரும். தச்சரின் இழைப்புளிக்கு அடிக்கட்டை என்ன செய்கிறதோ அதையே இங்கே சரிவு செய்கிறது: மரத்தின் மேல் சாய்ந்துகொண்டு, வாய் எவ்வளவு ஆழம் போகலாம் என்று அளந்து விடுகிறது. ஒரு முறை நேராக வெட்டிவிட்டால், அந்தத் தட்டைப் பரப்பே அடுத்த வெட்டுக்கு வழிகாட்டி.

இதையே சமையலறைக் கத்தி வடிவில் யோசித்துப் பாருங்கள். 4 மி.மீ. தடிமனும் 2 செ.மீ. உயரமும் உள்ள அலகை முதுகிலிருந்தே சீராகச் சரித்து இறக்குகிறார்கள். அந்தப் பெரிய சரிவின் கோணம் இரண்டு பக்கமும் சேர்ந்து 11, 12 டிகிரிதான். ஆனால் கடைசியில், முனையில் மட்டும் ஒரு மி.மீ.க்கும் குறைவான அகலத்தில், பக்கத்துக்கு 20 டிகிரியாக இன்னொரு சிறு சரிவு வைக்கிறார்கள். காரட்டுக்கும் இறைச்சிக்கும் இது அருமை. வாய்க்குப் பின்னால் உடம்பு மெலிந்திருப்பதால் ஆழமாக இறங்கும்போது தடங்கல் இல்லை. மோராவால் தடித்த காரட்டை அறுத்தால் பாதியில் படீரென்று பிளக்கும். சரிவு முடியும் இடத்தில் உள்ள தோள் அதை நெம்பிவிடும். ஆனால் மரத்தில் சீவும்போது, அந்த ஒரு மி.மீ. சரிவின் மேல் சாய்ந்துகொள்ள இடமில்லை. கத்தியை 20 டிகிரி தூக்கியே பிடிக்க வேண்டும். அந்தக் கோணத்தைக் காப்பது முழுக்க மணிக்கட்டின் பொறுப்பு. பழகிய கைக்கு முடியும். பழகாத கையில் வாய் திடீரென்று ஆழம் போகும், இல்லையென்றால் மேலே வழுக்கி ஓடும்.

இதைக் கண்ணால் பார்க்க வட ஐரோப்பியக் காடுகளில் ஒரு வேலை உண்டு. தொடர் மழையில் விறகெல்லாம் நனைந்துபோனாலும் கட்டையின் உள்வயிறு காய்ந்தே இருக்கும். கட்டையைப் பிளந்து, உள்ளிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு சாண் குச்சி எடுப்பார்கள். அதன் ஒரு முனையை மரத்தண்டில் ஊன்றி, மேலிருந்து கீழாகச் சீவுவார்கள்; ஆனால் எந்தச் சீவலையும் முழுசாக அறுத்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு சுருளும் அடியில் குச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஐம்பது, அறுபது சுருள்கள் சேர்ந்தால் குச்சி முழுக்க இறகு முளைத்ததுபோல் ஆகிவிடும். தீக்குச்சி ஒன்று போதும், பற்றிக்கொள்ளும்.

கூர்ந்து கவனித்தால் இந்த வேலையில் வாயின் வடிவம் அப்படியே எழுதப்பட்டிருக்கும். சீவிய பரப்பு நேராக இருக்கிறதா, அலை அலையாக இருக்கிறதா? நேராக இருந்தால் சரிவு சாய்ந்துகொண்டு போயிருக்கிறது. சுருள் எவ்வளவு இறுக்கம்? மேலெழும் சீவல் சரிவின் முகத்தில் ஏறிப் போக வேண்டும். முகம் செங்குத்தாக இருந்தால் சீவல் சட்டென்று மடங்கி இறுக்கமாகச் சுருளும், சாய்வாக இருந்தால் நீண்டு தளர்ந்து வளையும். உப்பலான வாயுள்ள எஃப்1 சீவும் சுருள்கள் இறுக்கமாகவே வரும். ஆனால் அதைச் சீராகச் சீவ வைப்பதற்குக் கை கூடுதலாக உழைக்க வேண்டும். சுருளின் அடியில் வெடிப்பு வெடிப்பாக இருந்தால், சீவல் தடித்துப்போய் ஃபிரான்ஸின் முதல் வகைக்குத் தாவிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு நுட்பத்தையும் பார்க்கலாம். கைதேர்ந்தவர்கள் கத்தியை மரத்துக்கு நேர் செங்குத்தாகத் தள்ளுவதே இல்லை. அலகைச் சாய்த்து, பிடியோரத்தில் தொடங்கி நுனி நோக்கி இழுத்துக்கொண்டே சீவுவார்கள். இதில் மாயம் எதுவும் இல்லை, வடிவியல்தான். மேட்டில் நேராக ஏறாமல் குறுக்காக ஏறினால் சரிவு குறைகிறது அல்லவா? 25 டிகிரி ஆப்பை 45 டிகிரி சாய்த்து ஓட்டினால் மரம் உணரும் கோணம் ஏறத்தாழ 18 டிகிரி ஆகிவிடுகிறது. உலோகம் கொஞ்சமும் மெலியவில்லை. வலிமை அப்படியே இருக்கிறது. வெட்டு மட்டும் மென்மையாகிறது. கத்திக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான்.

மற்ற லாபங்களுக்கெல்லாம் விலை உண்டு. கோணத்தைக் குறைத்தால் வெட்டு எளிதாகும், ஆனால் எவ்வளவு? ஆப்பைத் தள்ளும் விசையில் இரண்டு பங்கு. ஒன்று மரத்தை விலக்குவதற்கு, மற்றொன்று உராய்வை வெல்வதற்கு. எஃகுக்கும் மரத்துக்கும் இடையே உராய்வு எண் 0.3 என்று கொண்டு பள்ளிக்கூட இயற்பியலில் கணக்குப் போட்டால், 25 டிகிரி வாயில் உராய்வின் பங்குதான் பெரியது. அதனால் கோணத்தை 25இலிருந்து 30 ஆக்கினாலும், மரம் பக்கவாட்டில் அழுத்துவது மாறாது என்று கொண்டால், தள்ளும் விசை சுமார் 8 சதவீதமே கூடுகிறது. 40 டிகிரிக்குப் போனால் சுமார் 23 சதவீதம். நிஜத்தில் விரிந்த ஆப்பு மரத்தை அதிகம் நசுக்குவதால் வித்தியாசம் இதைவிடக் கூடும். என்றாலும் போக்கு இதுதான்.

மறுபக்கம் பாருங்கள். முனையிலிருந்து அரை மி.மீ. உள்ளே, 25 டிகிரி வாயின் தடிமன் 0.22 மி.மீ. 30 டிகிரியில் 0.27. 40 டிகிரியில் 0.36. தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடி விகிதத்தில் ஏறும். எனவே ஐந்து டிகிரி கூட்டியதற்கே விறைப்பு ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. 40 டிகிரியில் நாலு மடங்குக்கு மேல். எட்டு சதவீதம் கூடுதல் உழைப்புக்கு ஒன்றே முக்கால் மடங்கு உறுதி! வியாபாரம் மோசமில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் பலர் மோராவின் தட்டைச் சரிவைக் கெடுக்காமல், முனையில் மட்டும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்குச் சற்று விரிந்த ஒரு நுண்சரிவைத் தீட்டிக்கொள்கிறார்கள். சாய்ந்துகொள்ள ஐந்து மி.மீ. பட்டை அப்படியே இருக்கிறது, முனைக்கும் முட்டுக்கொடுத்தாகிவிட்டது. இதைத் தூய வடிவத்துக்குச் செய்யும் துரோகம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பச்சை மரத்தில் வேலை செய்பவர்கள்.

பச்சை மரம், காய்ந்த மரம் என்ற வித்தியாசம் சின்னதல்ல. மரத்தில் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை செல்சுவர்கள் நீரால் நிறைந்து இளகியே இருக்கும். அதற்குக் கீழே ஈரம் இறங்க இறங்க மரம் வலுவாகிக்கொண்டே போகும். அன்று வெட்டிய பிர்ச்சில் கரண்டி செதுக்கும் ஸ்வீடன்காரருக்கு 25 டிகிரியோ அதற்கும் குறைவோ போதும். கடுங்குளிரில் மரத்துக்குள் இருக்கும் நீர் உறைந்துவிட்டாலோ அதே மரம் வாயை உடைக்கும். பல வருடம் காய்ந்த கருவேலங்கட்டையிலும் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். தேக்கு இன்னொரு விதம்: மரம் அவ்வளவு கடினமில்லை, ஆனால் அதில் சிலிக்கா உண்டு, கண்ணுக்குத் தெரியாத மணல்போல வாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இணையத்தில் மோரா வாங்கி நம்மூர் மரத்தில் பழகுகிறவர்கள், வாய் சீக்கிரம் போகிறது என்று எஃகைத் திட்டுவதற்கு முன் மரம் எது என்று பார்ப்பது நியாயம்.

மென்மையான பொருள் கடினமான எஃகை எப்படி உடைக்கும் என்ற கேள்விக்கு 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உலோகவியலாளர்கள் ஒரு சுவையான விடை கண்டார்கள். ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்த ஆய்வுக்காக ஓர் ஆய்வாளர் தன் முகத்தையே மழித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எஃகைவிட 50 மடங்கு மென்மையானது மயிர். வாய் தேய்ந்து உருண்டிருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. கண்டதோ சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்ந்த வாய். மயிர் சாய்வாக வந்து வளைந்து பக்கவாட்டில் இழுக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரில்லாத இடத்தில் வாய் சில்லு விடுகிறது. நேராக அழுத்துவதைத் தாங்கும் வாய் பக்கவாட்டு இழுப்பைத் தாங்குவதில்லை. மரவேலையிலும் வாயைக் கெடுப்பது பெரும்பாலும் அழுத்தம் அல்ல, திருகல். மரத்துக்குள் மாட்டிய கத்தியை எடுக்க இடமும் வலமும் ஆட்டுவது, கணுவில் நிறுத்தி நெம்புவது. அந்த அரை மி.மீ. தடிமன் கணக்கு அங்கேதான் உயிர்காக்கும்.

எஃப்1 போன்ற கத்திகளின் உப்பல் வாய் இந்தத் திருகலுக்காகவே பிறந்தது. சரிவு தட்டையாக இல்லாமல் கோடரியின் வாய்போல் மெல்ல வளைந்து உப்பியிருக்கும். தோள் என்று ஒரு முனை இல்லாததால் மரத்தில் மாட்டிக்கொள்வதும் குறைவு. முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கும்போது இதன் அருமை தெரியும். அந்த வேலையில் முதல் ஒன்றிரண்டு அடிகளுக்குப் பிறகு வாய் மரத்தைத் தொடுவதே இல்லை. பிளவு அதற்கு முன்னால் ஓடிவிடுகிறது. கத்தி வெறும் ஆப்பு. ஆப்புக்குக் கூர் எதற்கு? தடிமன்தான் வேண்டும். மெல்லிய கத்தி பிளவை அவ்வளவாக விரிக்காது. அதன் பக்கங்களின் சாய்வு உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருப்பதால் பிளவுக்குள் இறுகிக்கொள்ளும். கத்தியால் விறகு பிளப்பதை நிபுணர்களில் ஒரு சாரார் வெறுக்கிறார்கள். கோடரி எதற்கு இருக்கிறது என்கிறார்கள். எனக்கும் அவர்கள் பக்கமே சாயத் தோன்றுகிறது. ஆனால் விமானத்திலிருந்து குதித்துப் பனிக்காட்டில் இறங்கிய விமானியிடம் கோடரி இருக்காது.

மோராவின் வடிவம் யாரோ ஒரு பொறியாளர் கணக்குப் போட்டு உண்டாக்கியது அல்ல. மோராவுக்கு அருகே ஓஸ்ட்நூர் கிராமத்துக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தி அடித்துவந்தவர்கள். அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய ஃப்ரோஸ்ட்-எரிக் எர்சன் 1891இல் அங்கே மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்யும் தொழிற்சாலை தொடங்கினார். கூடவே தன் ஆட்களுக்குத் தேவையான கத்திகளும். காலப்போக்கில் கத்தி நிலைத்தது, வண்டி போனது. 1912இல் தொடங்கிய இன்னொரு கத்தித் தொழிற்சாலையும் இதுவும் 2005இல் ஒன்றாகின. இன்று மோராக்னீவ் என்ற பெயரில் விற்பது அந்தக் கூட்டு.

வடிவம் நிலைத்ததற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம் என்பேன். பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸின் முயற்சியால் 1866இல் கைவேலை பள்ளிப் பாடமானது. ஸ்வீடனில் ஓட்டோ சலமோன் நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார்; பல நாடுகளிலிருந்து அங்கே வந்து கற்றார்கள். ஸ்லோய்ட் எனப்படும் அந்த மரவேலைக் கல்வியில் பிள்ளையின் கையில் கொடுக்கும் முதல் கருவி உளியோ ரம்பமோ அல்ல, கத்தி. எட்டு, பத்து வயதுக் கைக்குக் கோணத்தைத் தானே காக்கத் தெரியாது. தட்டைச் சரிவு அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. தீட்டுவதிலும் இதே வசதி: சரிவைக் கல்லில் படியவைத்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும். பின்னாளில் கரண்டி செதுக்கும் கலையை உலகுக்குக் கொண்டுபோன வில்லே சுண்ட்க்விஸ்ட் இந்த மரபில் வந்தவர். கனடாவில் காட்டு வாழ்க்கைக் கலையைக் கற்பித்த மோர்ஸ் கோஹான்ஸ்கியோ விலையுயர்ந்த கத்திகளை விட்டு மலிவான மோராவையே தன் மாணவர்களுக்குப் பரிந்துரைத்தார்.

நம் பக்கத்தில் இதற்கு நிகரான சாட்சி வேண்டுமென்றால் பனையேறியின் அருவாப்பெட்டியைத் திறக்க வேண்டும். பாளை சீவும் அரிவாள் விறகு வெட்டும் அரிவாளோடு ஒப்பிடவே முடியாதபடி மெல்லிய வாய் கொண்டது. பாளையின் நுனியில் ஒவ்வொரு முறையும் தாள் கனத்துக்கு ஒரு சீவல்தான் எடுக்க வேண்டும்; அதிகம் போனால் பாளை வீண், நசுங்கினால் பதநீர் ஊறாது. அதனால் அந்த அரிவாளை வேறு எதற்கும் தொட மாட்டார்கள். கல் தூள் தூவிய தீட்டுப்பலகையில் தீட்டித் தீட்டி வைத்திருப்பார்கள். அதே ஊரில் மூங்கிலும் முள்ளும் வெட்டும் அரிவாளின் வாய் உப்பியிருக்கும். ஒரே கொல்லர் இரண்டையும் அடித்திருக்கலாம். எஃகுகூட ஒன்றாக இருக்கலாம்.

தீட்டும் இடத்தில்தான் பெரும்பாலான கத்திகள் தங்கள் வடிவத்தை இழக்கின்றன. மோராவின் அகலச் சரிவைத் தட்டையாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அந்த முழுப் பரப்பையும் கல்லில் தேய்க்க வேண்டும். நேரம் பிடிக்கும். பொறுமையிழந்தவர் முதுகைக் கொஞ்சம் தூக்கி முனையை மட்டும் தேய்ப்பார். உடனே கூர் வந்துவிடும், முடியும் மழியும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தூக்குவார். ஓராண்டில் 25 டிகிரி வாய் 40 டிகிரி ஆகியிருக்கும். கூர் குறையவில்லை, ஆனால் கத்தி மரத்தைக் கவ்வாமல் வழுக்குகிறது, ஏன் என்று புரிவதில்லை. தோல் பட்டையில் மெருகேற்றுபவர்களுக்கும் இது நேரும். தோல் அமுங்கிக் கொடுப்பதால் முனையைச் சுற்றி வளைந்து தேய்த்து, தட்டைச் சரிவை மெல்ல மெல்ல உப்பலாக்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டாம். கறுப்பு மார்க்கர் பேனாவால் சரிவு முழுவதும் மை பூசி, கல்லில் தட்டையாக வைத்து இரண்டே இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோளிலிருந்து முனைவரை மை ஒரே சீராகப் போயிருந்தால் வடிவம் இன்னும் இருக்கிறது. தோளருகே மட்டும் மை போய், முனையை ஒட்டி மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சியிருந்தால், கல் இன்னும் முனையைத் தொடவே இல்லை. அந்தக் கோடு மறையும்வரை கரடுமுரடான கல்லில் சரிவை முழுசாகத் தேய்க்க வேண்டும். மறைந்த பிறகு எதிர்ப்பக்கத்தில் விரலை வைத்து வெளிப்புறமாக மெல்ல வழித்தால், வாய் நெடுக ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது பிடியோரத்திலிருந்து நுனிவரை விடுபடாமல் இருந்தால், கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தொடங்கலாம்.